பண்ணாடி வீட்டு டிராக்டர்

அகன்ற அலுமினியப் பேசினில் மண்ணெண்ணெயை ஊற்றி, அதில் ஊறிக் கிடந்த போல்ட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்துக்கொண்டிருந்தாள் கருப்பாத்தாள். மரைக்குள் புகுந்திருந்த துருவை ஊசியால் நோண்டி எடுத்தாள். வயசானவர்களின் பல்செட்டைக் கழுவிப் பழகிய கை. பல்செட்டைக் கழுவும்போது முகம் சுளிக்கக் கூடாது. படுக்கையில் இருப்பவர் மனசு நோகும். போல்ட்டுக்கு அந்தத் தொல்லை இல்லை என்பதால் தாராளமாக முகத்தைச் சுளித்துக்கொண்டாள்.

“அதத் தூக்கிப் போடும்மா. புதுசு வாங்கிக்கலாம்,” என்றான் மகன் பிரவின்குமார். டிராக்டருக்கு அடியில் படுத்திருந்ததால் அவனுடைய இரண்டு கால்கள் மட்டும் வெளியே தெரிந்தன.

“பழசுன்னா தூக்கிப் போட்டர்றதா? அப்படிப் பாத்தா உன்ற அப்பனத்தான் மொதல்ல போட்டிருக்கோணும்.”

கயிற்றுக் கட்டிலில் காலை நீட்டி உட்கார்ந்திருந்த ஆறுச்சாமி, “நாஞ் சும்மாதான குக்கியிருக்கறேன், என்னைய எதுக்குப் புள்ள இழுக்கறே?” என்றார்.

“சும்மா இருக்கறதாலதான் இழுக்கறது.”

பானெட்டுக்கு உப்புத்தாள் போட்டுக்கொண்டிருந்த மகள் இனியா சிரித்தாள். அன்னூரில் ஒரு டைல்ஸ் கடையில் பில் போடுகிற பெண். ஞாயிற்றுக்கிழமை மட்டும் பகலில் வீட்டில் இருப்பாள். அவள் சிரித்த சத்தம் கேட்டு ஆறுச்சாமியும் சிரித்தார். அந்த வாசலில் அப்படி நாலு பேரும் சேர்ந்து ஒரு வேலையில் இருந்தது அதற்கு முன்னால் எப்போது என்று கருப்பாத்தாளுக்கு ஞாபகமில்லை.

வாசலை அடைத்துக்கொண்டு நின்ற அந்த டிராக்டர், பார்க்கிறவர் கண்ணுக்கு டிராக்டரே இல்லை. பானெட் ஓட்டை, சீட் இருந்த இடத்தில் ஒரு இரும்புக் குச்சி, டயர்கள் கோடை வயலைப்போல வெடித்திருந்தன. ஆனால் கருப்பாத்தாள் தன் ஐம்பத்தாறு வயசில் எதன்மேலும் வைக்காத கணக்கை அதன்மேல் வைத்திருந்தாள். இது ஓடினால் பிரவின் நாலு தோட்டத்துக்கு உழவு ஓட்டுவான். அவன் ஓட்டினால் அவள் ஊர் ஊராகப் போய் மற்றவர்களின் அப்பா அம்மாவைப் புரட்டிப் படுக்கவைக்கும் வேலையை விட்டுவிட்டுத் தன் வீட்டில் தூங்கலாம்.

அன்னூருக்கு வடக்கே இருந்தது அந்த ஊர். ஊருக்குத் தெற்கே, தள்ளி, இவர்கள் சனம் குடியிருந்த வளவு. வளவுச் சனம் தோட்டத்துக்காரரைப் பண்ணாடி என்றுதான் கூப்பிடும், அவர் மனைவியைப் பண்ணாடிச்சி என்று. ஆறுச்சாமி பெரிய பண்ணாடியின் தோட்டத்தில் மாடு மேய்க்கப் போனவர். ஊரிலேயே முதல் டிராக்டராக அந்தச் சிவப்பு வண்டி வந்தபோது, ‘இவன் சொன்னா மாடு கேக்குது, இதும் கேக்குமாட்டருக்குது’ என்று சொல்லி அவரையே ஓட்டக் கற்றுக்கொள்ளச் சொன்னார் பண்ணாடி. அதற்குப் பிறகு, எப்போதாவது பண்ணாடி ஏறியதைத் தவிர, அந்தச் சீட்டில் வேறு யாரும் உட்காரவில்லை. தோட்டத்து வீட்டின் முன்திண்ணையில் ஆறுச்சாமி ஒருநாளும் உட்கார்ந்ததில்லை. டிராக்டர் சீட்டில் ராஜா மாதிரி உட்கார்ந்திருப்பார். அதையே பெருமை என்று நினைத்து ஒரு வாழ்க்கையை ஓட்டிவிட்டார்.

பெரிய பண்ணாடி செத்தார். போர்க்குழி வற்றியது. மகன் சிவகுருநாதன் கோயமுத்தூரோடு போய்விட்டான். கிணற்று மேட்டில் நிறுத்திய வண்டி நிறுத்தியதுதான். பேட்டரி சாகும்வரை ஆறுச்சாமி வாரம் ஒருமுறை போய் அதை உறும வைத்துவிட்டு வருவார். பிறகு ஒரு மில்லில் காவலுக்குப் போனார். மில்லில் கொடுத்த ஷூ கடித்தது. சர்க்கரை உடம்பு. கடித்த இடம் புண்ணாகி, புண் அழுகி, இடது காலில் கட்டைவிரலோடு மூன்று விரல்கள் போயின. மிச்சக் காலும் ஆறாமல், தினமும் கட்டு மாற்ற வேண்டியதாக நின்றது.

கருப்பாத்தாள் ஒரு நாள் அழுதாள். மறுநாள் பெரியநாயக்கன்பாளையத்தில் வீட்டு நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளப் பயிற்சி தருகிற ஓர் இடத்தில் போய்ச் சேர்ந்தாள். களை வெட்டிய கை ரத்த அழுத்தம் பார்க்கப் படித்தது. மூக்குக் குழாயில் கஞ்சி ஏற்ற, படுக்கைப் புண் வராமல் புரட்ட, சர்க்கரை பார்க்க, மலம் அள்ளிவிட்டு அதே முகத்தோடு பேச்சுக் கொடுக்க எல்லாம் கற்றுக்கொண்டாள். பிறகு கோயமுத்தூர் அடுக்குமாடிகளில் வேலை. தங்கிப் பார்க்க வேண்டும். ஊரார் புண்ணை அவள் கட்டினாள். வீட்டுப் புண்ணை இனியா கட்டினாள். இதில் எது நியாயம் என்று யோசித்தால் பஸ் போய்விடும், எனவே யோசிக்கவில்லை.

இடுப்பு ஒடிந்து படுத்த பண்ணாடிச்சி நாச்சியம்மாள் கோயமுத்தூருக்கு வர மாட்டேன் என்று அடம் பிடித்தபோது, வெளியூரிலிருந்து வந்த ஆள்கள் யாரும் நிலைக்காமல், கடைசியில் கருப்பாத்தாளைத்தான் கூப்பிட்டார்கள். அதுவரை அந்த வீட்டின் பின்வாசலைத் தாண்டாதவள், நாச்சியம்மாளின் கட்டிலுக்குக் கீழே பாய் விரித்துப் படுத்தாள். முதல் நாள் அவள் கையால் சோறு வாங்கக் கிழவி வாயைத் திறக்கவில்லை. மூன்றாம் நாள் திறந்தாள். இடுப்பு ஒடிந்தவளின் தீட்டு எத்தனை நாளைக்கு நிற்கும்?

இரண்டு வருஷம் பார்த்துக்கொண்டாள். முதுகில் ஒரு கொப்புளம் வரவிடவில்லை. ஒருநாள் உடம்பு துடைத்துவிடும்போது நாச்சியம்மாள் சொன்னாள்: “கருப்பாத்தா, கெணத்து மேட்டுல அந்த டிராக்டரு சும்மாதான கெடக்குது. நீ எடுத்துக்க. ஆறுச்சாமி ஓட்டுனது, அவங்கிட்டயே இருக்கட்டும்.”

“பெரிய வார்த்தைங்க. சின்னப் பண்ணாடிய ஒரு வார்த்தை கேட்டுருங்க.”

அப்போதே போன் போட்டு, ஸ்பீக்கரை அழுத்திக் காதோரம் பிடித்தாள் கருப்பாத்தாள். “அந்த இரும்புக் குப்பையா? தாராளமா எடுத்துக்கச் சொல்லும்மா. எடமாச்சும் சுத்தமாகும்,” என்றான் சிவகுருநாதன்.

நாச்சியம்மாள் போய்ச் சேர்ந்து, காரியமெல்லாம் முடிந்த பிறகு, கருப்பாத்தாள் வீட்டு கேட்டுக்குப் பக்கத்தில் நின்று மறுபடி கேட்டாள். காரில் ஏறிக்கொண்டே, “அம்மா சொன்னதுதான? எடுத்துக்க, எடுத்துக்க,” என்று கையை வீசினான். ஈயை ஓட்டுவதுபோலத்தான் இருந்தது. இருந்தாலும் சொன்னது சொன்னதுதானே என்று நினைத்தாள்.

பக்கத்துத் தோட்டத்தை மனைகளாக்க வந்திருந்த ஜேசிபிக்காரரிடம் பிரவின் கெஞ்சி ஒரு நடை கூட்டி வந்தான். வேலிக்காத்தான் முள் வண்டியை வெளியே தெரியாமல் மூடியிருந்தது. ஒரு முள்ளின் அடிமரம் ஸ்டியரிங் வழியாக வளர்ந்து தடித்துவிட்டது. அதை அறுக்காமல் வண்டியை எடுக்க முடியவில்லை. அறுத்தபோது உள்ளேயிருந்து ஒரு முழுப் பாம்புச் சட்டை விழுந்தது.

“அக்கா, மாமாவுக்கு முன்னாடியே ஒருத்தரு டிரைவர் வேலைக்குச் சேந்துட்டாருங்க,” என்றார் ஜேசிபிக்காரர்.

“சட்டையக் கழட்டிப் போட்டுட்டு வேலையுட்டு நின்னுட்டாராட்டருக்குது,” என்றாள் கருப்பாத்தாள்.

சங்கிலி கட்டி இழுத்து வளவுக்குக் கொண்டுவந்தபோது ஊரே வேடிக்கை பார்த்தது. ‘பேரீச்சம்பழத்துக்குப் போடறதுக்கா?’ என்று ஒருவர் கேட்டார். ‘துருப்புடிச்சதுன்னு பாக்காதீங்க, கெழவிக்குப் போட்ட சோத்துக்குச் சம்பளம்’ என்று இன்னொருத்தி சொன்னாள். ஆறுச்சாமி மட்டும் வண்டி வாசலில் வந்து நின்றதும் எழுந்துபோய் பானெட்மேல் கையை வைத்துக்கொண்டு, வெகுநேரம் எடுக்காமல் நின்றார்.

பிரவினுக்குப் பெரியநாயக்கன்பாளையத்தில் மோட்டார் பம்ப் செய்யும் பட்டறையில் ஃபிட்டர் வேலை. இரும்பு அவனுக்குப் பேசும் பாஷைதான். ஆனால் டிராக்டர் இன்ஜின் வேறு. உக்கடத்தில் பழைய டிராக்டர் சாமான் கடை வைத்திருந்த பஷீரைத் தேடிப் பிடித்துக் கூட்டி வந்தான். வயிறு முன்னாலும் சிரிப்பு அதற்கும் முன்னாலும் வருகிற மனுஷர். வண்டியைச் சுற்றிவந்து, தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்து, “யக்கா, இது வண்டி இல்லக்கா. மய்யத்து,” என்றார்.

“நாடி பாக்காம டாக்டரே அப்படிச் சொல்ல மாட்டாருங்க பாய். நீங்க கையப் புடிச்சுப் பாருங்க.”

இன்ஜின் ஜாம் ஆகியிருந்தது. சைலன்சர் வழியாக மழைத் தண்ணீர் இறங்கி, பிஸ்டன் சிலிண்டரோடு ஒட்டிக்கொண்டது. டீசல் பீய்ச்சும் நாசிலைக் கழற்றிவிட்டு அந்த ஓட்டை வழியாக டீசலும் மண்ணெண்ணெயும் கலந்து விட்டு ஊறவைக்க வேண்டும், காலையும் மாலையும், அவசரப்படாமல் என்றார் பஷீர். புனல் வைத்து ஊற்றினால் பாதி வெளியே வழிந்தது. கருப்பாத்தாள் உள்ளே போய், நோயாளிக்குக் கஞ்சி ஏற்றுகிற பெரிய சிரிஞ்சை எடுத்து வந்தாள். ஒரு சொட்டு சிந்தவில்லை. வாய் திறக்காத கிழவருக்குக் கொடுப்பதுபோல, கொஞ்சம் கொடுத்து, இறங்கவிட்டு, மறுபடி கொடுத்தாள்.

“புரை ஏறிரப் போவுதுக்கா,” என்றார் பஷீர்.

பல நாள் அப்படிப் போனது. பிறகு ஒரு ஞாயிறு, கிராங்க் நட்டில் நீளமான குழாயை மாட்டி, பிரவினும் பஷீரும் தொங்கினார்கள். ஒன்றும் நடக்கவில்லை. மறுபடி தொங்கினார்கள். பல்லைக் கடிப்பதுபோல ஒரு சத்தம். குழாய் ஒரு விரற்கடை இறங்கியது.

ஆறுச்சாமி கட்டிலிலிருந்து எழுந்து வெறும் காலோடு ஓடி வந்துவிட்டார். “செருப்பு! செருப்பப் போடுங்க!” என்று கத்தினாள் கருப்பாத்தாள். அவர் காதில் விழவில்லை. பெற்ற தாய் செத்தபோதுகூட அழாதவர், அந்த ஒரு விரற்கடைக்கு அழுதார். கருப்பாத்தாள் அதைப் பார்த்துவிட்டு, காலில் மண் ஒட்டிய கட்டை மாற்றப் பஞ்சு எடுக்கப் போனாள்.

அதற்குப் பிறகு ஒன்று மாற்றி ஒன்று. கிளட்ச் பிளேட் ஒட்டியிருந்தது. ரேடியேட்டர் சல்லடை. ஹைட்ராலிக் எண்ணெய் தண்ணீர் கலந்து மோராகிக் கிடந்தது. பட்டிவைத்த ஆடுகள் போயின. இனியாவின் கம்மல் போனது. பட்டறை முடிந்து வந்து பிரவின் இருட்டும்வரை வேலை செய்தான். இனியா உப்புத்தாள் போட்டுத் தேய்த்ததில் விரல் நுனியெல்லாம் வழவழவென்று ஆகி, கடையில் கைரேகை மிஷின் அவளை உள்ளே விட மறுத்தது. கருப்பாத்தாள் கழற்றியதையெல்லாம் கழுவினாள், துடைத்தாள், எது எங்கே என்று துணியில் முடிந்து வைத்தாள். ஆறுச்சாமி கட்டிலிலிருந்து உத்தரவு போட்டார்.

கடைசியில் ஒரு மாலை, வெள்ளைப் புகையும் கரும்புகையுமாகக் கக்கி, இருமி, உலுக்கிக்கொண்டு வண்டி எழுந்தது. வளவு முழுக்க அந்தச் சத்தம் கேட்டது. அன்றைக்கே மூன்று தோட்டத்துக்காரர்கள் பிரவினிடம் உழவுக்குச் சொல்லிவைத்தார்கள். குளங்களுக்குக் குழாயில் தண்ணீர் வரத் தொடங்கியதிலிருந்து அந்தப் பக்கத்தில் தரிசெல்லாம் மறுபடி உழவு கேட்டுக்கொண்டிருந்தது. வண்டி பற்றாக்குறை. கருப்பாத்தாள் தன் சூப்பர்வைசருக்குப் போன் போட்டு, “இனி நான் டியூட்டிக்கு வரலீங்க. ஊட்டுலயே வேல ஆயிப்போச்சு,” என்றாள். அதைச் சொல்லும்போது குரல் கொஞ்சம் உயர்ந்துதான் இருந்தது.

கோளாறு பெயிண்டில் ஆரம்பித்தது.

சிவப்பு அடித்து, காய்ந்து, மினுமினுவென்று நின்ற பானெட்டின் இரண்டு பக்கமும், பழைய இடத்தில், பழைய மஞ்சள் எழுத்தில், பெரிய பண்ணாடியின் பேர், ‘முத்துவேலப்பன் பண்ணை’ என்று இருந்தது. ஆறுச்சாமி பெயிண்டரிடம் தனியாகச் சொல்லி எழுதவைத்திருக்கிறார். இனியா அதைப் பார்த்ததும் கையிலிருந்த தண்ணீர்ச் சொம்பைக் கீழே வைத்தாள்.

“ஏப்பா, இது யாரு வண்டி?”

“நம்மளுதுதான் கண்ணு. ஆனா வண்டிக்கு அந்தப் பேருதான் ராசி. பேரு இல்லாட்டி அது மொகமில்லாத மாதிரி இருக்குது.”

“மொகம் வேணும்னா அம்மா மொகத்த வரைஞ்சிருக்கலாமில்ல?”

“உன்ற அம்மா மொகத்தப் பாத்தா எதுக்க வர்ற வண்டியெல்லாம் நின்னுபோகும்,” என்றார் ஆறுச்சாமி. யாரும் சிரிக்கவில்லை.

அடுத்தது பூஜை. புதுசாக எது ஓடினாலும் பண்ணாடி கையால்தான் ஓடும். அது அவர் காலத்து வழக்கம். கிணற்றில் புது மோட்டார் போட்டாலும் பண்ணாடி சுவிட்சைத் தட்டிய பிறகுதான் தண்ணீர். சின்னப் பண்ணாடி வந்து சாவியைத் திருகாமல் வண்டியை வயலுக்கு எடுப்பதில்லை என்று உட்கார்ந்துவிட்டார் ஆறுச்சாமி.

“அவரு நம்ம வண்டிய எதுக்குப்பா தொடோணும்?” என்றான் பிரவின்.

“குடுத்த மகராசன்டா. கூப்புடாம உட்டா நன்றி கெட்டவனாயிருவோம்.”

கருப்பாத்தாள் யோசித்தாள். வண்டிக் காகிதமெல்லாம் இன்னும் செத்துப்போன பெரிய பண்ணாடி பேரில் இருந்தது. பேர் மாற்ற வேண்டுமானால் மகன் கையெழுத்துப் போட வேண்டும். அவள் இரண்டு தடவை கேட்டும், ‘ஆகட்டும், பாத்துக்கலாம்’ என்றுதான் பதில் வந்தது. வீட்டுக்கு வரட்டும்; பூஜை நடக்கும்போது மனசு குளிர்ந்திருக்கும்; நாலு பேர் முன்னால் கேட்டால் மறுக்க மாட்டான்.

“கூப்புடுங்க,” என்றாள் கணவனிடம். இனியாவிடம், “நீ காகிதத்தத் தயார் பண்ணி வெய்யி அம்மணி,” என்றாள்.

வெள்ளிக்கிழமை காலையில் சிவகுருநாதன் வந்தான். கூடவே அவன் மனைவி லோகப்பிரியா. காரிலிருந்து இறங்கியதிலிருந்தே போனை உயர்த்திப் படம் பிடித்துக்கொண்டே வந்தாள். வளவே கூடியிருந்தது. பிரவினும் இனியாவும் லீவு போட்டிருந்தார்கள். பஷீரும் வெள்ளைச் சட்டை போட்டு வந்திருந்தார்.

“ஏ கருப்பாத்தா, நல்லாருக்கியா?” என்றான் சிவகுருநாதன். அவளைவிடப் பத்துப் பதினைந்து வயசு இளையவன்.

“நல்லா இருக்கறனுங்க. வாங்க, குக்குங்க.”

இனியா எடுத்து வந்த பாயசத்தை அவன் தொடவில்லை. “சர்க்கரை இருக்குதும்மா,” என்றான். அவனுக்குச் சர்க்கரை இல்லை. நாச்சியம்மாளுக்குப் பார்க்கும்போது, ‘எனக்கும் ஒண்ணு பாரு’ என்று அவன் விரலை நீட்டியிருக்கிறான். குத்திப் பார்த்தவள் கருப்பாத்தாள். சீல் உடைக்காத தண்ணீர் பாட்டிலை வாங்கித் தானே திறந்து குடித்தான். அவன் அம்மாவுக்கு இரண்டு வருஷம் சோறு ஊட்டிய கையைக் கருப்பாத்தாள் முந்தானையில் துடைத்துக்கொண்டாள்.

நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்தார்கள். பூசணிக்காய் உடைத்தார்கள். சிவகுருநாதன் சீட்டில் ஏறி உட்கார்ந்து சாவியைத் திருகினான். ஒரே தட்டலில் வண்டி எழுந்தது. பழங்கள் நசுங்கின. அவன் நிறுத்தவில்லை. அப்படியே வளவைத் தாண்டி, ஊர் வீதி வழியாக, கோயில் முக்குவரை போனான். லோகப்பிரியா பின்னால் காரில் படம் எடுத்துக்கொண்டே போனாள். ஆறுச்சாமி நின்ற இடத்திலிருந்து சத்தத்தை வைத்தே, “ரெண்டாவது கியரு… இப்ப மூணு…” என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

திரும்பி வந்தபோது அவன் முகம் சின்னப் பையன் முகமாக இருந்தது. “எங்கப்பா மடியில ஒக்காந்து ஓட்டுன மாதிரியே இருக்குது ஆறுச்சாமி. அப்பா பேரக்கூட மறக்காம எழுதியிருக்கியே!”

“மறப்பனுங்களா பண்ணாடி?”

கருப்பாத்தாள் இனியாவுக்குக் கண் காட்டினாள். இனியா காகிதத்தையும் பேனாவையும் நீட்டினாள். “பேர் மாத்தறதுக்குங்க. இந்த எடத்துல ஒரு கையெழுத்து.”

அவன் அதை வாங்கினான். படிக்கவில்லை. நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான்.

“இப்ப எதுக்கு இதெல்லாம்? தோட்டத்துல ஊடு கட்டி வாடகைக்கு விடப்போறம். டவுன்ல இருந்து குடும்பம் குடும்பமா வந்து தங்குவாங்க. வாசல்ல இந்த வண்டிய நிறுத்தி, லைட்டு போட்டு வெச்சா அப்பா ஞாபகமா இருக்கும்னு லோகு சொல்றா. நாளைக்குக் காலைல கொண்டாந்து நிறுத்திருங்க.”

கூட்டம் கருப்பாத்தாளைத் திரும்பிப் பார்த்தது.

“ஏனுங்,” என்றாள் கருப்பாத்தாள். “இதப் பண்ணாடிச்சி எங்குளுக்குன்னு குடுத்ததுங்க. நீங்களும் போன்ல சொன்னீங்க. கார்ல ஏறும்போதும் சொன்னீங்க.”

“சொன்னேன். யாரு இல்லைன்னா? அப்ப அது இரும்பு. இப்ப வண்டியாச்சே.” பொய் சொல்கிற குரலில்லை, அவனுக்கு அது நியாயமாகவே பட்டது. “நான் என்ன வித்துத் திங்கவா போறேன்? நம்ம தோட்டத்துலதான நிக்கப்போகுது. பிரவினு அங்கயே வேலைக்கு வரட்டும். வர்றவங்கள ட்ரெய்லர்ல ஒக்காரவெச்சு ஒரு ரவுண்டு ஓட்டட்டும். அப்பன் ஓட்டுன வண்டிய மகன் ஓட்டறது யாருக்குக் கெடைக்கும்?”

“காசு குடுத்து வர்ற ஒறம்பரைக்கு நாங்க குதிர வண்டியா?” என்றான் பிரவின்.

சிவகுருநாதன் அவனைப் பார்க்கவில்லை. ஆறுச்சாமியைப் பார்த்தான். “என்ன ஆறுச்சாமி?”

கருப்பாத்தாள் தன் கணவனைப் பார்த்தாள். அந்த ஒரு நொடி மட்டும் எல்லாம் அவர் கையில் இருந்தது. இல்லை என்று சொல்ல வேண்டாம். வாயை மூடிக்கொண்டிருந்தாலே போதும். மிச்சத்தை அவள் பேசிக்கொள்வாள்.

“ஆகட்டுங்க பண்ணாடி,” என்றார் ஆறுச்சாமி.

பிரவின் கையிலிருந்த வேஸ்ட் துணியைத் தரையில் அடித்துவிட்டுப் போய்விட்டான். கார் புழுதியைக் கிளப்பிக்கொண்டு போனது. பஷீர் பாயச டம்ளரைக் கீழே வைத்தார். “யக்கா, ஒரு வார்த்தை சொல்லுங்க. இப்பவே உக்கடத்துக்கு ஓட்டிட்டுப் போயிப் பிரிச்சுப் போட்டர்றேன். நட்டு நட்டாத் தேடட்டும்,” என்றார். விளையாட்டுக்குச் சொல்கிறாரா என்று அவருக்கே தெரியவில்லை.

“போலீஸ் ஸ்டேஷனுக்குப் போலாம்மா,” என்றாள் இனியா.

“பேரு அவங்கப்பன் பேரு. காகிதம் அவங்க காகிதம். பானெட்டுல எழுதியிருக்கறதும் அவங்க பேரு. அங்க போயி என்னன்னு சொல்றது கண்ணு?”

அன்று மாலை வீட்டில் அடுப்பு எரியவில்லை. ஆறுச்சாமி கட்டிலில் உட்கார்ந்து தலையைக் குனிந்தபடி, “நாலு பேரு முன்னால சொல்லிப்போட்டேன். சொன்ன சொல்ல மீற முடியுமா?” என்றார்.

“அவுரு மீறுனாருங்களே.”

“அவுரு பண்ணாடி.”

“அப்ப நாம?”

அவர் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். அந்த முகத்தைப் பார்த்தபோதுதான் அவளுக்குப் புரிந்தது. மூன்று பேர் உழவுக்கு ஒரு வண்டி செய்தார்கள். நாலாவது ஆள், தன் பண்ணாடிக்கு அந்தப் பழைய வண்டியைத் திருப்பிச் செய்துகொண்டிருந்தார். ஒரே வாசலில், ஒரே வண்டியில், இத்தனை மாசம் இரண்டு வேலை நடந்திருக்கிறது. படுக்கையிலிருப்பவர் முகம் பார்த்தே வலி எங்கே என்று சொல்கிறவள், சொந்த வீட்டில் அதைக் காணவில்லை.

மறுநாள் காலை ஆறுச்சாமி எல்லோருக்கும் முன்னால் எழுந்து குளித்து, வெளுத்த சட்டை போட்டுக்கொண்டார். “நான் கொண்டுபோயி நிறுத்த மாட்டேன்,” என்று பிரவின் சுவரைப் பார்த்தபடி சொன்னான்.

“நீ வேண்டாம். நானே போறேன்.” கட்டிலில் உட்கார்ந்து இடது காலை நீட்டினார். “ஏ புள்ள, கிளட்ச மிதிக்கோணும். கெட்டியாக் கட்டு.”

கருப்பாத்தாள் கட்டினாள். புண் யார்மேல் குற்றம் என்று கேட்பதில்லை. நாலு மடிப்புத் துணி வைத்து, ரத்த ஓட்டம் நிற்காதபடி சுற்றி, மேலே பிளாஸ்டிக் பை போட்டு முடிந்தாள். அவர் ஏறி உட்கார்ந்தார். வண்டி கிளம்பியது. வளவுச் சனம் வாசலுக்கு வாசல் நின்று பார்த்தது. கூனிக் கிடந்த அவர் முதுகு நேராக இருந்ததைக் கருப்பாத்தாள் பின்னாலிருந்து பார்த்தாள். அப்படி அதைப் பார்த்து வருஷங்களாகியிருந்தன. பார்க்காமலே இருந்திருக்கலாம் என்று பட்டது.

போக மாட்டேன் என்ற பிரவின்தான் பிறகு பைக்கை எடுத்துப்போய் அப்பனைக் கூட்டி வந்தான். கட்டு நனைந்து சிவந்திருந்தது. “ஒரே தட்டல்ல எந்திரிச்சுருச்சு புள்ள,” என்றார் ஆறுச்சாமி. “கேட்டுல நிறுத்துனதும் சின்னப் பண்ணாடியம்மா என்னையும் நிக்கவெச்சுப் போட்டோ எடுத்தாங்க.”

கருப்பாத்தாள் கட்டைப் பிரித்து, கழுவி, மருந்து வைத்து, புதுசாகக் கட்டினாள். “இனியா, பாத்துக்க. சலம் வெச்சுதுன்னா வாசம் வரும். வந்தா உடனே ஆஸ்பத்திரி. நாளைக்குன்னு தள்ளாதே,” என்றாள். பிரவின் தோளில் ஒருமுறை கையை வைத்து எடுத்தாள். பிறகு உள்ளே போய் இரண்டு சேலை, வெள்ளைக் கோட்டு, பிரஷர் பார்க்கும் மிஷின் எல்லாவற்றையும் பையில் வைத்தாள்.

“எங்க கெளம்பிட்டே?” என்றார் ஆறுச்சாமி.

“வேலைக்குங்க.”

கோயமுத்தூர் பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. காலையிலேயே கூப்பிட்டு மறுபடி வேலை கேட்டிருந்தாள். போன் வந்தது. சூப்பர்வைசர். உடுமலைப்பேட்டைக்கு அக்கட்ட ஒரு தென்னந்தோப்பு வீடு, பக்கவாதம், தங்கிப் பார்க்க வேண்டும் என்றாள். பஸ் தோட்டத்து கேட்டைத் தாண்டிப் போனது. கருப்பாத்தாள் போனைக் காதோடு அழுத்திக்கொண்டு கேட்டாள்:

“பேஷண்டு வாயில சாப்புடறாருங்களா, டியூப்புங்களா? முதுகுல புண்ணு ஏதும் இருக்குதுங்களா? மொதல்லயே சொல்லிருங்க. அங்க போன பொறகு சொன்னீங்கன்னா நான் பொறுப்பில்லீங்க.”